வாசகர் கேள்வி – பதில்: விமர்சனம் எது, வசை எது?

இம்முறை வடசென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைச் சொல்கின்றன. வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ ஒரு கருத்தைச் சொன்னால், பதில் கருத்துக்கு வராமல் சொன்னவர் மேல் வந்து விழுகிறது. அதே சமயம், உண்மையான குறையைச் சுட்டிக்காட்டினாலும் அவமானப்படுத்திவிட்டாய் என்று சண்டைக்கு வருகிறார்கள். ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களில் சொல்லப்படும் சச்சரவுகள் இன்னும் ஓயாதவை என்பதால், எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்துப் பகுதியின் பெயரை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: பாரிமுனைப் பக்கம் மாலை நேரத்தில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடை நடத்துகிறோம். அப்பா காலத்துக் கடை. சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் கடையின் படத்தைப் போட்டு, "பூண்டு எண்ணெயில் சிக்கு வாடை, பேஜோ நமத்துப் போயிருக்கு, வாழைத்தண்டு சூப் வெறும் வெந்நீர், இந்த விலைக்கு இது அநியாயம்" என்று எழுதிவிட்டார். அதன் கீழே பலர் சிரித்திருக்கிறார்கள். இன்னொருவர், "அகதியா வந்தவங்க கடைதானே, வேற என்ன எதிர்பார்க்க முடியும்" என்று எழுதியிருக்கிறார். மனசு உடைந்துபோய்விட்டது. இருவர் மீதும் போலீஸில் புகார் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், மண்ணடி

பதில்: இரண்டு பேரையும் நீங்கள் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். முதலில் அவர்களைப் பிரித்துப் பாருங்கள்.

முதலாமவர் சொன்னவை நான்கு. எண்ணெயில் சிக்கு வாடை, பேஜோ என்ற மொறுமொறு வறுவல் நமத்தது, சூப்பில் சாரம் இல்லை, விலை அதிகம். இந்த நான்கையும் இன்று மாலை கடை திறப்பதற்கு முன் நீங்களே சோதித்துவிடலாம். பழைய எண்ணெய் மிச்சமிருக்கும் பாத்திரத்திலேயே புதிதாகக் காய்ச்சிய பூண்டு எண்ணெயை ஊற்றியிருக்கிறீர்களா, கடற்காற்று அடிக்கும் இடத்தில் பேஜோ டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, கூட்டம் அதிகமான நேரத்தில் சூப்பில் யாராவது தண்ணீர் சேர்த்தார்களா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அவர் சொன்னது தவறு என்றால் அப்படியே எழுதலாம். சரி என்றால் மாற்றிக்கொள்ளலாம். அவருடைய நடை காரமானது என்பதை நான் மறுக்கவில்லை, அப்பா காலத்துக் கடையை ஊரறியக் குறை சொன்னால் வயிறு எரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சொல்லின் காரத்தை வைத்தோ, நமக்கு வலித்தது என்பதை வைத்தோ ஒன்றை வசை என்று தீர்மானித்துவிட முடியாது. சொன்னதை எடுத்துக்கொண்டு சரிபார்க்கவோ திருத்தவோ மறுக்கவோ ஏதாவது ஒன்று நம் கையில் மிஞ்சுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதலாமவரின் பதிவில் நான்கு விஷயங்கள் மிஞ்சுகின்றன. அது விமர்சனம்.

இரண்டாமவர் சொன்னதில் என்ன மிஞ்சுகிறது? 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து பிழைத்ததால்தான் வடசென்னைக்கு அத்தோ என்ற உணவே கிடைத்தது. அந்த வரலாற்றை எடுத்து உங்கள் முகத்தில் எறிந்திருக்கிறார். நீங்கள் எண்ணெயை மாற்றினாலும் சூப்பை நன்றாக வைத்தாலும் அந்தச் சொல்லுக்குப் பதில் ஆகாது, ஏனென்றால் அது சாப்பாட்டைப் பற்றியதே இல்லை. அது வசை.

போலீஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66அ என்றொரு பிரிவு இருந்தது. இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதினாலே மூன்று ஆண்டுகள் வரை சிறை என்ற அளவுக்கு அதன் சொற்கள் விரிந்திருந்தன. 2012 நவம்பரில் மும்பையில் நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அந்தப் பதிவுக்கு விருப்பக்குறி இட்ட அவர் தோழியும் மும்பைக்கு அருகிலுள்ள பால்கரில் கைது செய்யப்பட்டார்கள். அதையடுத்து ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று நீக்கியது. ஒருவருக்கு எரிச்சல் வந்தது என்பது குற்றத்துக்கான அளவுகோல் ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு நமக்குச் சொல்வது. எனவே முதலாமவர் மீது புகாருக்கு இடமே இல்லை. இரண்டாமவர் எழுதியதை நீக்கும்படி அந்தத் தளத்திடமே முறையிடுங்கள். முதலாமவருக்கு, "எண்ணெயை மாற்றிவிட்டோம், ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பேச்சே 'வா, போ' என்றுதான் இருக்கும். நான் எது சொன்னாலும், நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து வருகிறவர்கள், "இப்படி மரியாதை இல்லாமல் பேசினால் விவாதிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு விலகிவிடுகிறார்கள். நான் யாரையும் திட்டியதில்லை. எங்கள் பாஷையே வசை என்றால் நாங்கள் எப்படிக் கருத்துச் சொல்வது?
— ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: உங்கள் கடிதத்தை நான் மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், ஏனென்றால் இதில் உங்களுக்கு நடக்கும் அநியாயத்தைப் பலர் அநியாயம் என்றே உணர்வதில்லை.

இரண்டு வாக்கியங்களை எழுதுகிறேன். ஒன்று: "இன்னா நைனா, நீ சொல்ற கணக்கு ஒதைக்குதே, போன வருசம் வரி எவ்ளோன்னு பார்த்தியா?" மற்றொன்று: "மதிப்பிற்குரிய ஐயா, தங்களைப் போன்றவர்களின் படிப்புக்கும் பின்னணிக்கும் இதெல்லாம் விளங்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை." முதல் வாக்கியத்தில் 'நீ' இருக்கிறது, கேட்பவருக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. போன ஆண்டு வரியைப் பார்த்து, கணக்கு சரியா தவறா என்று அவர் சொல்லியாக வேண்டும். இரண்டாவதில் 'ஐயா'வும் 'தங்களை'யும் இருக்கின்றன, ஆனால் அது ஒருவரை ஆள் என்ற முறையிலேயே தள்ளிவைக்கிறது. அவர் எந்த ஆதாரத்தைக் கொண்டுவந்தாலும் அந்தக் கதவு திறக்கப் போவதில்லை. இவற்றில் எது மரியாதைக் குறைவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

வடசென்னைத் தமிழை ஏளனம் செய்வதும், அதைப் பேசுகிறவரின் வாதத்தைக் கேளாமல் இருக்க அதை ஒரு சாக்காகப் பயன்படுத்துவதும் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. திரைப்படங்கள் இந்தப் பேச்சை ரவுடிக்கும் கோமாளிக்குமே பெரிதும் கொடுத்துவந்ததால், துறைமுகத்திலும் ஆலையிலும் ரயில்வே பணிமனையிலும் உழைத்த மக்கள் தங்களுக்குள் அன்பாகவும் கறாராகவும் பேசிக்கொண்ட மொழி அது என்பதே வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. "உன் பேச்சு சரியில்லை, அதனால் உன் கேள்விக்குப் பதில் இல்லை" என்பவர் உங்களை விமர்சிக்கவில்லை. நாகரிகமான முறையில் உங்களை அவமதிக்கிறார்.

இன்னொன்றையும் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். நேரில் பேசும்போது 'போய்யா' என்பதில் உள்ள செல்லத்தைக் குரலும் முகமும் சொல்லிவிடும். எழுத்தில் அவை இரண்டும் இல்லை. முன்பின் பழகாதவர் அதைப் படித்துச் சுருங்கிப்போனால் அவர் மேல் முழுத் தவறும் இல்லை. அதற்காக உங்கள் மொழியை மாற்றிக்கொள்ளச் சொல்லமாட்டேன். அறிமுகமில்லாதவரிடம் பேசும்போது கேள்வியை வாக்கியத்தின் முன்னால் வைத்துவிடுங்கள். "போன வருசம் வரி எவ்ளோ?" என்று தொடங்கினால், விலகிப் போகிறவர் கேள்வியை விட்டுத்தான் ஓடுகிறார் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் குழுவில் குப்பை எரிஉலைத் திட்டத்தைப் பற்றி விவாதம் நடக்கிறது. எரித்த பிறகு மிஞ்சும் சாம்பல் எங்கே போகும் என்று நான் கேட்டேன். "உனக்கு எந்த அமைப்பு காசு கொடுக்குது?" என்று பதில் வந்தது. எங்கள் தெருவில் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார்; அவர் திட்டத்தை ஆதரித்துச் சில எண்களைத் தந்தார். உடனே எங்கள் பக்கத்து ஆட்களே, "புகையில சம்பளம் வாங்கினவர் வேற எப்படிப் பேசுவார்" என்று எழுதினார்கள். அது எனக்கும் சங்கடமாக இருந்தது. ஒருவருடைய உள்நோக்கத்தைக் கேட்பது விமர்சனமா, வசையா?
— ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: உங்கள் பக்கத்து ஆட்கள் செய்ததும் உங்களுக்குச் சங்கடமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக முதலில் உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். தமக்கு எதிராக வரும் வசை எல்லாருக்கும் கண்ணில் படும். தம் பக்கத்திலிருந்து கிளம்பும் வசை கண்ணில் படுவதுதான் அரிது.

உள்நோக்கத்தைக் கேட்பது எப்போதும் வசை ஆகாது. ஒப்பந்தம் எடுக்கப்போகும் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் அதைச் சொல்லாமல் திட்டத்தைப் புகழ்ந்தால், "உங்களுக்கு இதில் தொடர்பு உண்டா, இருந்தால் சொல்லிவிட்டுப் பேசுங்கள்" என்று கேட்பது ஞாயமான கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று பதில் உண்டு, ஆதாரம் கேட்கவும் காட்டவும் இடம் உண்டு. ஆனால் எந்த ஆதாரமும் கையில் இல்லாமல் "எவ்வளவு வாங்கினாய்" என்று எறிவது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. காசு வாங்கவில்லை என்பதை ஒருவர் எப்படி நிரூபிப்பார்? வங்கிப் புத்தகத்தைக் குழுவில் போட்டாலும், கையில் ரொக்கமாக வாங்கியிருப்பாய் என்பார்கள்.

உள்நோக்கம் உண்மையிலேயே இருந்தாலும்கூட, அது வாதத்துக்குப் பதில் ஆகிவிடாது என்பது இன்னும் முக்கியமானது. உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கலப்புக் குப்பையை உலையில் எரித்தால், எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை அடிச்சாம்பலாக மிஞ்சுவது வழக்கம். அதைத் தவிர, புகைவடிகட்டியில் சேரும் நுண்சாம்பல் குறைந்த அளவுதான் என்றாலும், கன உலோகங்களும் டையாக்சின் என்ற நச்சுப்பொருள்களும் அதில் சேர்வதால் அதைத் தனியாகப் பாதுகாப்பாக அடக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே சாம்பல் எங்கே போகும் என்பது வீம்புக்குக் கேட்ட கேள்வி இல்லை. அதற்கு இடத்தின் பெயர், அளவு, பொறுப்பாளர் என்று மூன்று வரியில் பதில் தர முடியும், தரவும் வேண்டும்.

அதேபோல அந்தப் பெரியவர் சொன்னதிலும் விஷயம் இருந்திருக்கக் கூடும். மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்கு மேல் எரிதிறன் உள்ள குப்பையைக் கிடங்கில் கொட்டாமல் எரிபொருளாகப் பயன்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னது உண்மை. அவர் அதைச் சொல்லியிருந்தால், "நம் தெருக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான சமையலறைக் கழிவாயிற்றே, தரம் பிரிக்காமல் அந்த எரிதிறன் எப்படி வரும்?" என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கொதிகலனோடு ஆயுள் முழுவதும் பழகிய ஒருவரை விட அதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர் உங்கள் தெருவில் வேறு யார் இருக்கிறார்? அவரைப் "புகையில் சம்பளம் வாங்கினவர்" என்று சொல்லி வாயடைத்ததால், திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கே கிடைத்திருக்கக்கூடிய ஒரு பெரிய உதவி போய்விட்டது. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் நெடியையும் அங்கே பிடிக்கும் தீயின் புகையையும் பல ஆண்டுகளாகச் சுவாசித்துவரும் மக்களுக்கு, இந்த விவாதம் வீணாய்ப் போவதைத் தாங்க முடியாது என்பதால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

அந்தப் பெரியவரை நேரில் பார்த்து, "தாத்தா, அவங்க அப்படி எழுதினது தப்பு, நீங்க சொன்ன கணக்கைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்று பேசுங்கள்.

கேள்வி: நான் கானா பாடி யூடியூபில் போடுகிறேன். "தாளம் தப்புது, டோலக்குக்கு முன்னாடி ஓடுற" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "இந்த ஏரியா பசங்களுக்கு இதைத் தவிர வேற என்ன தெரியும்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். என் நண்பர்கள் இரண்டு பேரையும் கழுவி ஊற்றுகிறார்கள். நான் என்ன செய்வது?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, தாளம் தப்புகிறது என்று சொன்னவரை உங்கள் நண்பர்கள் திட்டியது பெரிய நட்டம். டோலக்குக்கு முன்னால் ஓடுகிறாய் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால், அவர் உங்கள் பாட்டைக் கவனித்து, அநேகமாக ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டிருக்க வேண்டும். அவருக்கு நன்றி சொல்லி, எந்த வரியில் ஓடுகிறது என்று கேளுங்கள்.

இந்த வித்தியாசத்தை நம் நாட்டுச் சட்டம் ஓர் எடுத்துக்காட்டின் மூலம் மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் அவதூறு பற்றிய 499ஆம் பிரிவில் பத்து விதிவிலக்குகள் இருந்தன. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அவை தொடர்கின்றன. மக்கள் முன் வைக்கப்படும் படைப்பைப் பற்றிய விதிவிலக்கின் கீழ் ஒரு விளக்கம் வருகிறது. "அவர் எழுதிய புத்தகம் முட்டாள்தனமானது, அவர் அறிவு குன்றியவராகத்தான் இருக்க வேண்டும்" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லையாம், ஏனென்றால் எழுதியவரின் குணத்தைப் பற்றிய அந்தக் கருத்து, புத்தகத்தில் வெளிப்பட்ட அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் "அவர் புத்தகம் முட்டாள்தனமாக இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை, அவர் அறிவு குன்றியவர், ஒழுக்கம் கெட்டவர் ஆயிற்றே" என்று சொன்னால் இந்த விதிவிலக்கு அவரைக் காப்பாற்றாது. முதலாமவர் படைப்பிலிருந்து மனிதருக்குப் போகிறார். இரண்டாமவர் மனிதரை ஏற்கெனவே தீர்த்துக்கட்டிவிட்டுப் படைப்புக்கு வருகிறார். "இந்த ஏரியா பசங்களுக்கு" என்று தொடங்குகிறவர் உங்கள் பாட்டைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டவர். அவருக்குப் பதில் சொல்லி உங்கள் மாலை நேரத்தைச் செலவிடாதீர்கள். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அப்படிப் பொதுவில் திட்டுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று எதைப் பற்றி நான் எழுதினாலும், பதில் என் உடம்பைப் பற்றியும் என் வீட்டாரைப் பற்றியும்தான் வருகிறது. "பொதுவெளிக்கு வந்தால் தோல் தடித்திருக்க வேண்டும்" என்கிறார் என் அண்ணன். அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: சரியில்லை. உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது என்று எழுதும் ஆணுக்கு வெறும் குழாயைப் பற்றிய பதிலும், அதையே எழுதும் பெண்ணுக்கு உடம்பைப் பற்றிய பதிலும் வருகிறது என்றால், தடிக்க வேண்டியது பெண்ணின் தோல் என்று சொல்வது எந்த விதத்தில் ஞாயம்? காரசாரமான மறுப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். இதைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். இப்படிப்பட்ட பதில்கள் அந்தப் பெண் அடுத்த முறை எழுதாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுகின்றன. அவற்றைப் படித்துவிட்டு எழுதாமலே நின்றுபோன மற்ற பெண்களை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லப்படும் சொல்லுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. நீக்குவதற்கு முன்னால் அந்தப் பதிவுகளைத் தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஆலோசனைக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

"நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன், அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018இல் முகநூலில் பகிர்ந்த பிரமுகர் ஒருவரின் மனுவை, 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பகிர்ந்த செய்தி வில்லிலிருந்து விடுபட்ட அம்பைப் போன்றது, பகிர்ந்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது.

கேள்வி: முகம் காட்டாத கணக்குகளை ஒழித்துவிட்டால் வசை நின்றுவிடாதா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: நிற்காது. தன் பெயரையும் திருமணப் படத்தையும் வைத்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி எழுதுகிறவர்களை எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பார்க்கலாம். மறுபக்கம், தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பதைச் சொல்ல வரும் தொழிலாளிக்குப் பெயரை மறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எழுதியவரின் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதை விட, எழுதியது சரிபார்க்கத் தக்கதா என்று பார்ப்பது பயன் தரும்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெரியவர்கள் கருத்து வேறுபாட்டை நாகரிகமாகத் தீர்த்துக்கொண்டார்கள், இணையம் வந்த பிறகுதான் தனிமனிதத் தாக்குதல் வந்தது என்கிறேன். என் மகன் ஒப்புக்கொள்ளவில்லை.
— ஒரு வாசகர், ஏழுகிணறு

பதில்: மகன் சொல்வதே சரி, அதற்கான சான்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஏழுகிணற்றில் வளர்ந்து கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடிய வள்ளலாரின் பாடல்கள் 1867இல் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சேறியபோது, அப்படி அழைப்பது தகுமா என்ற கேள்வியை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் தரப்பு எழுப்பியது. சைவத்தின் புனித நூல்களான திருமுறைகளுக்கு உரிய மதிப்பைப் புதிய பாடல்களுக்குக் கொடுக்கலாமா என்பது பொருளுள்ள கேள்வி. அதற்குப் பொருளுள்ள மறுமொழிகளும் வந்தன. ஆனால் இரண்டு பக்கமும் கிளம்பிய துண்டு நூல்களில் சைவ சாத்திரமும் இலக்கணமும் பேசிய பக்கங்களுக்கு இடையே, எதிராளியின் ஒழுக்கத்தையும் பிறப்பையும் பேசிய பக்கங்களும் ஏராளம். 1869இல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இருவரும் மறைந்த பிறகும் அவர்களைச் சார்ந்தவர்கள் பல பத்தாண்டுகள் சண்டையைத் தொடர்ந்தார்கள். பெரும் புலமை வாய்ந்தவர்களும் வசையிலிருந்து தப்பவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இன்று அந்த எழுத்துகளைப் புரட்டும் ஆய்வாளர்கள் சமயமும் இலக்கணமும் பேசும் பகுதிகளை எடுத்து ஆராய்கிறார்கள். வசைப் பகுதிகள் யாருக்கும் எதையும் கற்றுத் தருவதில்லை.

மாறியிருப்பது வேகம். அன்றைக்கு ஒரு மறுப்பு எழுதி, அச்சுக் கோத்து, தைத்து, ஊருக்கு அனுப்புவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் கோபம் சற்றே தணியவும் வாய்ப்பு இருந்தது. இன்றைக்கு ரயில் பேசின் பாலத்திலிருந்து சென்ட்ரல் போய்ச் சேருவதற்குள் பத்து வசைகளை எழுதி அனுப்பிவிடலாம்.

கேள்வி: காசிமேட்டில் எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாரும் கரையில் இருப்பதால் குழுவில் சண்டை அதிகம். சங்கத்து வரவு செலவை ஒருவர் கேட்டார். "குடிச்சிட்டு வந்து கணக்குக் கேக்குறான் பாரு" என்று ஒரு நிர்வாகி எழுதினார். அதன் பிறகு இரவு முழுக்க வசைதான். நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு வாரம் யாரும் பேச முடியாதபடி குழுவைப் பூட்டிவிட்டேன். வழக்கு வந்தால் அட்மினைப் பிடிப்பார்களாமே?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உறுப்பினர் ஒருவர் எழுதியதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்ற நிலைப்பாட்டை பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இல் எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் அதையே சொன்னன. எழுதியவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால் அது வேறு விஷயம்.

ஆனால் சட்டம் கேட்காத ஒரு பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் அழித்தபோது வசைகளோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் அழிந்துபோயிற்று. கேட்டவர் குடித்திருந்தாரா, குடிக்கும் பழக்கம் உள்ளவரா என்பது எனக்குத் தெரியாது. அது கணக்குக்குத் தேவையும் இல்லை. சந்தா கட்டுகிற எந்த உறுப்பினருக்கும் வரவு செலவைக் கேட்கும் உரிமை இருக்கிறது. குடித்துவிட்டுக் கேட்டாலும் கணக்கு அதே கணக்குதான். நிர்வாகி எழுதிய அந்த ஒரு வரி கேள்வியைக் கொல்வதற்காகவே எழுதப்பட்டது. நீங்கள் குழுவைப் பூட்டியதால் அது நிறைவேறியும் விட்டது. நீங்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் கேள்வி கேட்டவரும் வசை பாடியவரும் ஒரே தண்டனையைப் பெறும்போது, இனி இந்தக் குழுவில் கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

குழுவைத் திறந்துவிடுங்கள். இனி ஒருவரின் குடி, குடும்பம், சாதி, உடம்பு ஆகியவற்றைப் பற்றிய வரி வந்தால் அதை மட்டும் நீக்குவீர்கள் என்றும், அதை எழுதியவர் விரும்பினால் விஷயத்தை மட்டும் வைத்து மறுபடி எழுதலாம் என்றும், இது நிர்வாகிகளுக்கும் உங்கள் சொந்த மச்சானுக்கும் ஒரே மாதிரி பொருந்தும் என்றும் குரல் பதிவாகவே போடுங்கள். எழுத்தை விடக் குரலை நம் ஆட்கள் நம்புவார்கள். பிறகு அன்றைக்குக் கேட்ட அந்தக் கேள்வியை, கேட்டவரின் பெயரோடு, நீங்களே திரும்பவும் குழுவில் எழுதி, தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்கு முன்பாக ரசீதுகளோடு பதில் தரும்படி நிர்வாகியைக் கேளுங்கள்.